கையால் எழுதியது மாதிரி ஒரு ஃபான்ட்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கர்சிவ் ஃபான்ட் பற்றித்தான். அதாவது கையால் சட்டென்று எழுதிப்போட்டது போல, எழுத்துக்கு எழுத்து ஒட்டிக்கொண்டு சாய்ந்து ஓடுமே, அந்த வகை. மற்ற கேள்விகளை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: தங்கையின் கல்யாண அழைப்பிதழை நானே டிசைன் செய்தேன். ஆங்கிலப் பக்கம் முழுக்க ஒரு அழகான கர்சிவ் ஃபான்ட். திரையில் பிரமாதமாக இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் வீட்டில் பெரியவர்கள் ஒருவராலும் படிக்க முடியவில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. முதலில் ஏன் சின்னதாகத் தெரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 12 பாயிண்ட் என்று நீங்கள் போடுகிற அளவுக்குள் மேலே நீளும் கொம்பு, கீழே இறங்கும் வால் எல்லாமே அடங்கியாக வேண்டும். கர்சிவ் ஃபான்டில் கொம்பும் வாலும் ரொம்ப நீளம், அதனால் நடுவில் இருக்கும் எழுத்தின் உடம்புக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். ஆங்கிலச் சின்ன எழுத்துகளான ஏ, ஈ, ஓ, என் எல்லாம் அந்தக் கொஞ்ச இடத்தில்தான் இருக்கின்றன, நாம் படிக்கும்போது கண் பெரும்பாலும் அவற்றின் மேல்தான் ஓடுகிறது. சாதாரண ஃபான்டில் அதே 12 பாயிண்ட் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

சரி, 18 பாயிண்ட் ஆக்கினால்? படிக்கலாம், ஆனால் அழைப்பிதழ் முழுக்க வளைவும் சுழியுமாகி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போகும். கையெழுத்து ஃபான்டின் வேலையே, இதை ஒரு ஆள் உங்களுக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்ற எண்ணத்தைத் தருவதுதான். அதற்கு இரண்டு பெயர்களும் 'அன்புடன் அழைக்கிறோம்' என்ற ஒரு வரியும் போதும். பெயர்களை நன்றாகப் பெரிதாக, 36 பாயிண்டுக்கு மேல் போடுங்கள், சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் விடுங்கள். தேதி, நேரம், முகவரி, போன் நம்பர் இந்த நான்கையும் நேரான, சாதாரண ஃபான்டில் போட்டுவிடுங்கள். கர்சிவில் 1 எது 7 எது என்று குழப்பினால் விருந்தினர் தப்பான நேரத்துக்கு வந்து நிற்பார். அழகுக்காக இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை: உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்து, வீட்டில் வயதில் மூத்தவர் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே ஃபான்டை மாற்றுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதை நம்பவே வேண்டாம்.

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கு நன்றி அட்டை அனுப்புகிறோம். கையெழுத்து ஃபான்டில்தான் அச்சடிக்கிறோம், ஆனாலும் பார்த்தவுடனே கம்ப்யூட்டர் எழுத்து என்று தெரிந்துவிடுகிறது என்கிறார்கள். எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்?

நல்ல கேள்வி, இந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

ஆங்கிலத்தில் 'ஹலோ' என்று எழுதிப் பாருங்கள், நடுவில் இரண்டு எல் வரும். ஒரு மனிதர் எழுதினால் முதல் எல் சற்று உயரம், இரண்டாவது கொஞ்சம் குட்டை, அல்லது ஒன்றின் சுழி விரிந்து மற்றதன் சுழி இறுகி இருக்கும், எப்படியோ ஒன்றுபோல ஒன்று இருக்காது. மலிவான கையெழுத்து ஃபான்டில் அந்த இரண்டு எல்லும் அச்சு அசலாக ஒன்றே. அதே நெளிவு, அதே சின்ன நடுக்கம், அதே இடத்தில் தடிப்பு. பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் பிடித்துவிடும். எழுத்து எவ்வளவு கோணலாக, இயல்பாக வரையப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் திரும்பத் திரும்ப வருவது உறுத்தும்.

இதற்குத் தீர்வு ஃபான்டுக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்டும் அடோபியும் சேர்ந்து 1996-ல் அறிவித்த ஓப்பன்டைப் என்ற ஃபான்ட் ஃபைல் முறையில், ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை ஃபான்டுக்குள் வைத்து, பக்கத்தில் என்ன எழுத்து வருகிறது என்பதைப் பொறுத்து எந்த வடிவம் வர வேண்டும் என்று விதி எழுதிவிடலாம். காண்டெக்ச்சுவல் ஆல்டர்நேட்ஸ் என்று இதற்குப் பெயர். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கேவியட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பாப்லோ இம்பல்லாரி செய்தது. வார்த்தையில் ஒரு எழுத்து எங்கே வருகிறது என்பதைப் பார்த்து வடிவத்தை லேசாக மாற்றிக்கொள்ளும். அதனால்தான் அதில் ஒரு குறிப்பு எழுதினால் பேனா பிடித்து எழுதியது மாதிரி இருக்கிறது.

நீங்கள் வாங்கிய ஃபான்டிலும் இந்த வசதி இருக்கலாம், ஆனால் உங்கள் மென்பொருளில் அணைந்து கிடக்கலாம். வேர்டில் ஃபான்ட் பெட்டியைத் திறந்து அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போனால் காண்டெக்ச்சுவல் ஆல்டர்நேட்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் ஓப்பன்டைப் பேனலில் இருக்கிறது. ஃபான்டிலேயே இல்லையென்றால் வேறு ஃபான்ட் பாருங்கள். அப்புறம், அட்டையில் வாடிக்கையாளர் பெயரை மட்டுமாவது நிஜப் பேனாவால் எழுத முடியுமா என்று யோசியுங்கள். அந்த ஒரு வார்த்தை செய்யும் வேலையை எந்த ஃபான்டாலும் செய்ய முடியாது, சுற்றி இருக்கும் அச்செழுத்தையும் அது கூடவே தூக்கி நிறுத்திவிடும்.

கேள்வி: தலைப்பை முழுக்க பெரிய எழுத்தில் போட்டேன். ஏதோ சரியில்லை.

ஆமாம், சரியிருக்காது. கர்சிவின் பெரிய எழுத்துகள் வார்த்தையின் தொடக்கத்தில் ஒன்றே ஒன்று வந்து நிற்பதற்காக வரையப்பட்டவை. வரிசையாகப் பத்து வந்தால் சுழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், எதுவும் எதனோடும் சேராது. முதல் எழுத்து பெரியது, மீதி சின்னது. இதில் விதிவிலக்கே தேடாதீர்கள்.

கேள்வி: பேனரின் அகலம் நிரம்ப வேண்டும் என்று எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினேன். ஒட்டியிருந்த எழுத்துகள் எல்லாம் பிய்ந்துகொண்டு நிற்கின்றன. ஒட்டியபடியே அகலமாக்க வழி உண்டா?

லெட்டர் ஸ்பேசிங்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், அல்லது வார்த்தையின் இரண்டு பக்கமும் இடத்தைச் சும்மா விடுங்கள். வேறு வழியில்லை, ஏன் இல்லை என்பது சுவாரசியமான விஷயம்.

ஒட்டி எழுதும் ஃபான்டில் எழுத்துகள் உண்மையில் ஒட்டியிருப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி. ஒரு எழுத்தின் வால் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில், எந்தத் தடிப்பில் வெளியே போகிறதோ, அதே உயரத்தில் அதே தடிப்பில் அடுத்த எழுத்து தொடங்குமாறு வரைந்திருப்பார்கள். இடைவெளி பூஜ்யமாக இருக்கும்போது மட்டும் இரண்டும் சந்திக்கும். அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் விரிசல் தெரியும்.

இதில் தலைவலி தரும் எழுத்துகள் நான்கு: ஓ, பி (b), வி, டபிள்யூ. மற்ற சின்ன எழுத்துகள் கீழே, வரியின் மேல் வந்து முடிகின்றன, இந்த நான்கும் மேலே முடிகின்றன. ஓ-வுக்குப் பின்னால் என் வந்தால் அந்த இணைப்புக் கோடு மேலிருந்து போக வேண்டும், ஏ-வுக்குப் பின்னால் அதே என் வந்தால் கீழிருந்து. இப்போதெல்லாம் ஓப்பன்டைப் விதி போட்டு, ஓ-வுக்கு அடுத்து வரும் என்னுக்கு வேறு வடிவம் கொடுத்துச் சமாளித்துவிடுகிறார்கள். ஒரு கர்சிவ் ஃபான்ட் நல்லதா இல்லையா என்று பார்க்க இந்த நான்கு எழுத்துகளுக்குப் பின்னால் ஆர், எஸ் வைத்து டைப் செய்து பார்த்தால் போதும், செய்தவர் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இந்த வசதி எதுவும் இல்லாத காலத்தில் செய்ததை நினைத்தால்தான் பிரமிப்பு. பிரான்சின் மார்சேய் நகரத்து ஃபோன்டரி ஒலிவ் என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ரோஜர் எக்ஸ்கொஃபான் 1953-ல் மிஸ்ட்ரல் என்ற ஃபான்டைச் செய்தார். தன் சொந்தக் கையெழுத்தையே அடிப்படையாக வைத்துச் செய்தது. தெற்கு பிரான்சில் வீசும் பலத்த காற்றின் பெயர் அது. அப்போது எழுத்து என்றால் ஈயத்தில் வார்த்த கட்டை, கட்டையின் ஓரத்தைத் தாண்டி இஷ்டத்துக்கு வளைக்க முடியாது, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும் என்றும் முன்கூட்டித் தெரியாது. அப்படியிருந்தும் எந்த இரண்டைச் சேர்த்து வைத்தாலும் பேனா எடுக்காமல் எழுதியது போல ஓடும். எழுபது வருஷம் ஆகியும் உலகம் முழுக்கக் கடைப் பலகைகளில் அதைப் பார்க்க முடிகிறது. பார்க்கும்போது ஒட்டும் இடங்களைக் கொஞ்சம் கவனியுங்கள், கோட்டின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில் இணைப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேள்வி: என் கடைக்கு லோகோ வேண்டும். பசிஃபிகோ ஃபான்டில் பெயரை டைப் செய்து அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

சட்டப்படி தடையில்லை, பசிஃபிகோ திறந்த உரிமத்தில் இருக்கிறது. ஆனால் வெர்னன் ஆடம்ஸ் செய்த அந்த ஃபான்ட் இலவசம், அழகு, தடிமன் எல்லாம் சேர்ந்து இருப்பதால் கணக்கில்லாத கடைகள் அதையே பெயர்ப்பலகையில் வைத்திருக்கின்றன. அப்படியே டைப் செய்து வைத்தால் உங்கள் பெயர் மட்டும்தான் உங்களுடையது, முகம் எல்லோருக்கும் பொது.

கர்சிவ் லோகோ என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கோகோ கோலா. அது எந்த ஃபான்டிலும் டைப் செய்தது இல்லை. 1886-ல் அந்த நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிராங்க் ராபின்சன் என்பவர் பெயரையும் வைத்து, கையாலேயே எழுதியும் கொடுத்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் கடிதத்துக்கும் கணக்குக்கும் பழகிய ஸ்பென்சீரியன் பாணிக் கையெழுத்து அது.

அதனால் ஃபான்டைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை டைப் செய்து, அவுட்லைனாக, அதாவது இழுத்து வளைக்கக்கூடிய வெறும் உருவமாக மாற்றி, முதல் எழுத்தின் வளைவையும் கடைசி எழுத்தின் வாலையும் மாற்றி வரையுங்கள், இரண்டு எழுத்து சேரும் இடத்தை உங்களுக்குப் பிடித்தபடி இறுக்குங்கள். வரையத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள், செலவுக்குத் தகுந்த வேலை இது. முடித்ததும் லோகோவை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், செல்போனில் அந்த அளவில்தான் பெரும்பாலும் தெரியப்போகிறது. மெல்லிய கோடுகள் காணாமல் போனால் அந்த அளவுக்கென்று தடித்த வடிவம் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள், அல்லது முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஃப்ரீ' என்று போட்டிருந்த ஃபான்டை டவுன்லோடு செய்து ஒரு விளம்பரத்துக்குப் பயன்படுத்தினேன். இப்போது ஃபான்ட் செய்தவர் பணம் கேட்கிறார். நியாயமா?

நியாயம்தான். ஃபைலோடு வந்த உரிமக் குறிப்பைத் திறந்து பாருங்கள், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்று இருக்கும். விளம்பரம் என்றால் வியாபாரம், அதற்குத் தனி லைசென்ஸ். பேசி, பணம் கட்டி முடித்துவிடுங்கள், ஒரு ஃபான்டுக்குப் பின்னால் மாதக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. இனிமேல் இந்தத் தொல்லை வேண்டாமென்றால் எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் உள்ளதாகத் தேடுங்கள். அதில் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஃபான்டை மட்டும் தனியாக எடுத்து விற்கக் கூடாது.

கேள்வி: ஆங்கிலக் கர்சிவ் ஃபான்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் டைப் செய்தால் சாதாரணத் தமிழ் எழுத்தாகவே வருகிறது. தமிழில் இந்த மாதிரி ஃபான்டே கிடையாதா?

நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபான்டுக்குள் தமிழ் எழுத்துகள் வரையப்படவே இல்லை. இல்லாததைக் கேட்டால் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் வேறு தமிழ் ஃபான்டை எடுத்துப் போட்டுவிடும், அதுதான் நீங்கள் பார்ப்பது.

தமிழிலும் இருக்கிறது, ஆனால் குறைவு. கூகுள் ஃபான்ட்ஸில் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் இருக்கிறது, கையெழுத்தைப் போலச் சாய்வாக ஓடும் தமிழ் எழுத்து, இலவசம். தலைப்புக்கும் வாழ்த்து அட்டைக்கும் நன்றாக இருக்கும். ஏன் இவ்வளவு குறைவு என்றால், வேலை அப்படி. ஆங்கிலத்தில் பெரியது சின்னது சேர்த்து 52 எழுத்தை வரைந்தால் அடிப்படை முடிந்தது. தமிழில் உகரமும் ஊகாரமும் மெய்யோடு கலந்துவிடுவதால் கு, கூ, டு, டூ, மு, மூ என்று 18 மெய்க்கும் இரண்டு இரண்டாக 36 வடிவங்களைத் தனியாக வரைய வேண்டும், டி, டீ, றி, றீ போன்றவற்றில் மேலே ஏறும் சுழி எங்கே ஒட்டுகிறது என்பதையும் ஒவ்வொன்றுக்கும் பார்த்தாக வேண்டும். இதில் ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு மாற்று வடிவம் வேறு என்றால் வேலை பெருகிக்கொண்டே போகும்.

இன்னொன்று. நாம் வேகமாகத் தமிழ் எழுதும்போது ஆங்கிலம் போல எல்லாவற்றையும் ஒட்டுவதில்லை, சில எழுத்துகளை ஒட்டுவோம், சிலவற்றைப் பேனா தூக்கி எழுதுவோம். ஆங்கிலக் கர்சிவைப் பார்த்துத் தமிழையும் கட்டாயப்படுத்தி ஒட்டினால் கால்வாங்கி எது, இணைப்புக் கோடு எது என்று தெரியாமல் போய்விடும். நன்றாகத் தமிழ் எழுதும் ஒருவரின் பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைபவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் ஆசை. பழைய ஃபைல்களில் பாமினி போன்ற எழுத்துருக்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைப்பவை, இணையத்தில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றிய பிறகு பயன்படுத்துங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பெயருக்குக் கீழே சிலர் கர்சிவ் எழுத்து போடுகிறார்களே, அது என்ன ஃபான்ட்?

ஃபான்டே இல்லை. கணிதச் சூத்திரங்களுக்காக யூனிகோடில் சுழித்த எழுத்துகள் என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், அவற்றைப் பொறுக்கி எடுத்து வார்த்தையாக்கித் தருகின்றன சில தளங்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அதை உங்கள் பெயராகப் படிக்காமல் ஒவ்வொரு எழுத்தையும் கணிதக் குறி என்று தனித்தனியாக வாசிக்கலாம், அல்லது தாண்டியே போகலாம். தேடலிலும் சரியாகச் சிக்காமல் போக வாய்ப்பு உண்டு. பெயருக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கர்சிவ் பெயரை ஸ்டிக்கராக வெட்டக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டு விழுந்து துண்டு துண்டாக வந்துவிட்டது.

பேனர் கேள்வியில் சொன்ன அதே காரணம்தான், எழுத்துகள் தனித்தனி, சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, திரையில் ஒரே நிறம் என்பதால் தெரிவதில்லை. வெட்டும் மெஷினுக்கு நிறம் தெரியாது, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் முழுதாகச் சுற்றி வரும். அவுட்லைனாக மாற்றிய பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து யுனைட் அல்லது வெல்டு கொடுத்து ஒரே உருவமாக்கி அனுப்புங்கள். அனுப்பும் முன் உள்நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோடாகப் பாருங்கள், உள்ளே குறுக்குக் கோடு ஒன்றுகூடத் தெரியக் கூடாது.

கேள்வி: அலுவலகத்தில் இரங்கல் அறிவிப்பு ஒன்றைக் கையெழுத்து ஃபான்டில் போடச் சொல்கிறார்கள், 'பர்சனலாக' இருக்குமாம். போடலாமா?

வேண்டாம். தூரிகைத் தடிப்பும் துள்ளலும் உள்ள கேஷுவல் ஃபான்டின் குரலே உற்சாகக் குரல், துக்கச் செய்தியில் அது ரொம்பவே உறுத்தும். அறிவிப்பை அமைதியான நேர் எழுத்தில் போடுங்கள். உடன் பணியாற்றியவர்கள் அட்டையில் தங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதிக் கையெழுத்திடட்டும்.

கேள்வி: அம்மாவின் கையெழுத்தை ஃபான்டாக மாற்ற ஆசை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இப்போதும் எழுதுகிறார். எப்படித் தொடங்குவது?

இன்றே தொடங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கட்டம் கட்டமாகப் போட்ட தாளைக் கொடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுத்து என்று எழுதச் சொல்வதுதான் வழக்கம், நிறையத் தளங்களும் அப்படித்தான் கேட்கின்றன. ஆனால் கட்டத்தைக் கண்டதும் எல்லோரும் பரீட்சைக்கு எழுதுவது போல நிறுத்தி நிதானமாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள், வருவது அவர்கள் கையெழுத்தாக இருக்காது. முதலில் வெள்ளைத்தாளில், கருப்பு மையில், ஒரே பேனாவால், அவருக்குப் பிடித்த எதையாவது நாலைந்து பக்கம் எழுதச் சொல்லுங்கள். சொந்தக்காரருக்குக் கடிதம், சாமான் லிஸ்ட், எதுவானாலும் சரி. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அந்த வரிகளுக்குள்ளிருந்தே எழுத்துகளை வெட்டி எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று மாதிரி. கிடைக்காத எழுத்துகளை மட்டும், அவை வருகிற வார்த்தைகளைச் சொல்லி எழுத வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் இலவசம், அதிலேயே முழு வேலையையும் முடிக்கலாம், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும். சுத்தம் செய்யும்போது அதிகமாக வழவழப்பாக்காதீர்கள். வரிக்கு மேலே ஏறி நிற்கும் எழுத்து, பாதியில் மை இளைத்த கோடு, மற்ற எவரும் போடாத விதத்தில் அவர் போடும் சுழி, இவற்றை நேராக்கிவிட்டால் யாருடையதோ ஒரு ஃபான்ட்தான் மிஞ்சும்.

அவருடைய கையொப்பத்தை மட்டும் ஃபான்டுக்குள் சேர்க்காதீர்கள், அந்த ஃபைல் யார் கைக்குப் போனாலும் அவர் பெயரில் கையெழுத்துப் போட முடிந்துவிடும். ஸ்கேன் செய்த தாள்களின் மூலத்தையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னால் ஒரு எழுத்து விடுபட்டது தெரிந்தால் திரும்ப அதில்தான் தேட வேண்டியிருக்கும்.